பிளசீபோ: மருந்துப்போலியா, போலி மருந்தா?

மருந்தைப் போலத் தோன்றினாலும் குணப்படுத்தும் பொருள் இல்லாத ஒன்றைக் குறிக்க மருத்துவ ஆய்வுச் செய்திகளில் அடிக்கடி வரும் ‘பிளசீபோ’ என்னும் சொல் மருத்துவமனையில் பிறந்ததன்று. இறந்தோருக்கான வழிபாட்டில் பிறந்தது. இலத்தீனில் அது பெயர்ச்சொல்லும் அன்று. ‘மகிழ்விப்பேன்’ என்று பொருள்படும் தன்மை ஒருமை வினைமுற்று. கத்தோலிக்கத் திருச்சபையில் இறந்தவருக்காக மாலையில் ஓதப்பட்ட மன்றாட்டு, ‘வாழ்வோரின் நாட்டில் ஆண்டவரை மகிழ்விப்பேன்’ என்னும் சங்கீத அடியோடு தொடங்கியதால், அந்த மன்றாட்டுக்கே அதன் முதற்சொல் பெயராயிற்று. ‘தோடுடைய செவியன்’ என்று சொன்னாலே ஒரு பதிகம் முழுவதையும் நாம் குறிப்பதில்லையா, அதுபோலத்தான். இதே அடியைத் தமிழ் வேதாகமத்தில் 116ஆம் சங்கீதத்தில் தேடுபவர், ‘ஜீவனுள்ளோர் தேசத்திலே நடப்பேன்’ என்று இருப்பதைக் கண்டு திகைக்கக்கூடும். எபிரேய மூலத்தில் உள்ளது ‘நடப்பேன்’தான். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ‘உகந்தவனாயிருப்பேன்’ என்று மாறியது. இலத்தீன் அதைப் பின்பற்றியது. ஆக, மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு விலகலால் கிடைத்த சொல்லுக்குத்தான் நாம் இன்று சரியான தமிழ்ச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இடைக்கால ஐரோப்பாவில், இறந்தவருக்கு உறவில்லாதவர்களும் இழவு வீட்டுக்கு வந்து, கிடைக்கிற உணவையும் காசையும் எண்ணி இந்த மன்றாட்டைப் பாடினார்கள் என்பர். ‘கூலிக்கு மாரடிப்பது’ என்று நம் ஊரில் சொல்வது இதற்கு மிக நெருங்கிய தொடர். அதனால் ‘பிளசீபோ பாடுதல்’ என்பது முகத்துதி செய்வதைக் குறிக்கும் வழக்காயிற்று. 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர், தம் கதையொன்றில் வரும் துதிபாடிக்கு இதையே பெயராகச் சூட்டினார். 18ஆம் நூற்றாண்டில் சொல் மருத்துவருடைய வாய்க்கு வந்தபோதும் அந்தச் சாயல் போகவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மருத்துவப் பேராசிரியர் வில்லியம் கல்லன் 1772இல் தம் விரிவுரைகளில், குணமாகும் என்ற நம்பிக்கையில்லாமல் நோயாளியின் மனநிறைவுக்காகத் தரும் மருந்தை இச்சொல்லால் குறித்தார். 1811இல் வெளிவந்த ஹூப்பரின் மருத்துவ அகராதி, நோயாளிக்கு நன்மை செய்வதைவிட அவரை மகிழ்விக்கவே ஏற்ற மருந்து என்று இதற்குப் பொருள் கூறியது. ரொட்டி உருண்டைகளையும் நிறமேற்றிய நீர்த்துளிகளையும் மருத்துவர் ஒருவர் தாராளமாகக் கொடுத்ததைக் குறித்து 1807இல் எழுதிய அன்றைய அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், அதை நல்லெண்ணத்தோடு செய்யும் ஏமாற்று என்றார்.

சொல் இதே பொருளில் நின்றிருந்தால் ‘ஆறுதல் மருந்து’ என்று தமிழாக்கிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால், அதன் வேலையே பின்னர் மாறிவிட்டது. மாற்றத்தின் முதல் அடையாளம் 1799இல், இங்கிலாந்தின் பாத் நகரில் தென்படுகிறது. உடலின் மேல் தடவினால் வலியை இழுத்துவிடும் என்று சொல்லி விற்கப்பட்ட பெர்க்கின்ஸ் உலோகக் கோல்களைச் சோதிக்க விரும்பிய மருத்துவர் ஜான் ஹேகார்த், அவற்றைப் போலவே மரத்தில் செய்து வண்ணம் பூசி, ஐந்து நோயாளிகளிடம் பயன்படுத்தினார். நால்வர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். இங்கே மரக்கோல் யாரையும் மகிழ்விக்க வரவில்லை; உலோகக் கோலை அளந்து பார்க்கும் படிக்கல்லாக வந்தது.

20ஆம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடம் எடுத்துக்கொண்டது இந்தப் படிக்கல்லைத்தான். 1954இல் அமெரிக்காவில் நடந்த சால்க் போலியோ தடுப்பூசிச் சோதனையின் ஒரு பகுதியில், ஏறத்தாழ 2 லட்சம் குழந்தைகள் தடுப்பூசியையும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர் தோற்றத்தில் வேறுபாடில்லாத வெற்றுத் திரவத்தையும் பெற்றனர். எந்தக் குப்பியில் எது என்பது எண் குறியீட்டுக்குள் மறைக்கப்பட்டிருந்தது. எல்லாச் சோதனைக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். 1948இல் முடிவு வெளியான பிரிட்டனின் புகழ்பெற்ற ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்ச் சோதனையில் பிளசீபோவே இல்லை. மருந்தில்லாத ஊசியை நாளுக்கு நான்கு முறை, மாதக்கணக்கில் நோயாளியின் சதையில் குத்துவதை ஆய்வாளர்கள் விரும்பவில்லை. ஒப்பீட்டுக் குழுவுக்குப் படுக்கை ஓய்வு மட்டுமே தரப்பட்டது. பிளசீபோவோடு ஒப்பிடுவதன் பயனுக்குத் தமிழ்நாட்டிலும் பெரிய சான்று உண்டு. 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதிக் கிராமங்களில் தொடங்கிய, காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசிச் சோதனையில், 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியின் இருவேறு அளவுகளில் ஒன்றோ பிளசீபோவோ போடப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி அங்கே தடுக்கவில்லை என்ற, எவரும் எதிர்பாராத முடிவு கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது குழு இல்லாமற் போயிருந்தால், அந்த உண்மை வெளிப்பட்டிருக்காது.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். செய்தித்தாள்களில் மிகுதியாகக் காணப்படும் மொழிபெயர்ப்பு ‘போலி மருந்து’. இது தவறு என்று நான் உறுதியாகவே சொல்வேன். மாத்திரைக் கிடங்கில் அதிகாரிகள் சோதனை நடத்திக் கைப்பற்றுவது போலி மருந்து. அதைச் செய்தவனுடைய நோக்கம் காசு, வழி மோசடி. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. முதல் அச்சில் ‘உங்களுக்கு மருந்தோ போலி மருந்தோ தரப்படலாம்’ என்று இருந்தது. படிவத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “போலின்னு நீங்களே அச்சடிச்சிருக்கீங்களே டாக்டரம்மா, அப்புறம் அதை எனக்கு எதுக்குக் குடுக்குறீங்க?” என்று கேட்டார். டாக்டரம்மாவிடம் விடை இல்லை. மொழிபெயர்ப்பாளனாகிய என்னிடமும் அப்போது இல்லை.

விடை நம் இலக்கணத்திலேயே இருந்தது. ‘போல்’ என்னும் வேரிலிருந்து வந்த ‘போலி’, அடிப்படையில் ‘ஒத்திருப்பது’ என்றே பொருள்படும். ஏமாற்று என்னும் பொருள் பின்னர் ஏறியது. ‘அறம்’ என்பது ‘அறன்’ என்றும், ‘அரசு’ என்பது ‘அரைசு’ என்றும் வரும்போது, ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து நின்றும் பொருள் மாறாதிருப்பதைப் போலி என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அடுத்தது சொற்களின் வரிசை. மாட்டுவண்டி என்பது வண்டி. வண்டிமாடு என்பது மாடு. தமிழ்த் தொகையில் பின்னால் நிற்கும் சொல்லே பெரும்பாலும் தலைமைச் சொல். எனவே, ‘போலி மருந்து’ என்றால் அது தன்னை மருந்து என்று சொல்லிக்கொண்டு பொய்யாகிப்போன ஒன்று. ‘மருந்துப்போலி’ என்றாலோ, மருந்தைப் போல இருப்பது. தன்னை மருந்தென்று அது சொல்லிக்கொள்வதே இல்லை. கலைச்சொல்லாக்கத்தில் ஏற்கெனவே புழங்கும் இந்த வடிவமே பொருத்தம் என்பது என் முடிவு. ‘வெற்று மாத்திரை’ எளிமையானது. எனினும் ஊசியையும் மரக்கோலையும் அது தழுவாது. திருத்திய படிவத்தில், ‘மருந்துப்போலி: பார்ப்பதற்கும் சுவைக்கும் மருந்தைப் போலவே இருக்கும், நோயைக் குணப்படுத்தும் பொருள் இதில் இல்லை’ என்று எழுதினோம்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று கேட்பவர்கள், அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்ததை நினைத்துப்பார்க்கலாம். சிஃபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களிடம், ‘கெட்ட இரத்தத்துக்கு’ச் சிகிச்சை தருவதாகச் சொல்லி ஆய்வாளர்கள் ஆஸ்பிரினும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார்கள். அந்நோயைக் குணப்படுத்தும் பெனிசிலின் கிடைக்கத் தொடங்கிய பின்னும் அதை அவர்களுக்குத் தரவில்லை. அது மருந்துப்போலி ஆய்வே அன்று. போலி மருந்து என்ற சொல் முழுமையாகப் பொருந்துவது அங்கேதான். இரண்டையும் பிரித்துக்காட்டுவது ஆய்வில் சேருபவரின் அறிந்த ஒப்புதல். தனக்குக் கிடைப்பது மருந்துப்போலியாகவும் இருக்கலாம் என்பதைத் தெரிந்து அவர் கையெழுத்திட வேண்டும்.

‘மருந்துப்போலி விளைவு’ என்னும் தொடரிலும் சற்றுக் கவனம் தேவை. 1955இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் 15 ஆய்வுகளைத் தொகுத்து, சராசரியாக 35 விழுக்காட்டினர் மருந்துப்போலியால் நிறைவான நிவாரணம் பெற்றதாக எழுதினார். அந்த எண் இன்றும் மேற்கோளாக ஓடிக்கொண்டிருக்கிறது. தானாகவே தணியும் நோயின் இயல்பையும் அவர் மருந்துப்போலியின் கணக்கில் எழுதிவிட்டார் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அதற்காக விளைவே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. பல் பிடுங்கிய வலிக்கு மருந்துப்போலி தந்த தணிப்பை, உடலின் அபின் போன்ற வேதிப்பொருள்களைத் தடுக்கும் நலாக்சோன் குறைத்தது என்பதை 1978இல் லெவின் குழுவினர் காட்டினர். வலியில் மெய்யாக ஏதோ நடக்கிறது; கட்டியைக் கரைக்குமென்று நம்புவதற்கு அது சான்றாகாது.

இதன் எதிரிணையான ‘நொசீபோ’, ‘தீங்கு செய்வேன்’ என்னும் பொருளில் 1961இல் வால்டர் கென்னடி உருவாக்கிய சொல். பக்கவிளைவு வரும் என்று கேட்ட மாத்திரத்திலேயே தலைச்சுற்றல் வருவது இவ்வகை. இங்கே ‘மருந்துப்போலி’ கைகொடுக்காது. ஏனெனில், மெய்யான மருந்தை விழுங்கியவருக்கும் இது வரும். ‘எதிர்பார்ப்புத் தீங்கு’ என்று நான் எழுதி வருகிறேன். எனக்கே அது இன்னும் முழு நிறைவளிக்கவில்லை.