பகுதி நேர பிஎச்.டி. தபால் வழிப் படிப்பு அல்ல, வக்கீல் சார்!

பிஎச்.டி. ஆய்வுக்கு நெறியாளராக (வழிகாட்டியாக) இருக்கும் என்னிடம் போன மாதமும் ஒருவர் வந்தார். கீழமை நீதிமன்றத்தில் நல்ல பிராக்டிஸ் உள்ள வழக்கறிஞர். பைண்டு செய்த ஆய்வேடு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து எழுதி வாங்கியதாம். எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதிவு இல்லை. "நெறியாளர்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க மேடம், மிச்சத்தை அவங்க பாத்துக்குவாங்க" என்கிறார். வில்லங்கச் சான்று பார்க்காமல் தன் கட்சிக்காரரை ஒரு சென்ட் நிலம்கூட வாங்க விடமாட்டார் இதே மனிதர்!

கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "பார்ட் டைம்தானே மேடம்." இல்லை ஐயா. பகுதி நேரம் என்பது வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம் என்ற அனுமதி, அவ்வளவுதான். யூஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் பிஎச்.டி. கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. முழு நேர மாணவருக்கு உள்ள நிபந்தனை எல்லாம் உங்களுக்கும் உண்டு. குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க் (ஆய்வுக்கான வகுப்புப் பாடங்கள்) முடிக்க வேண்டும். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் நின்று, என்ன செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்காகப் பணியிலிருந்து விடுவிப்போம் என்று அதிலேயே இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அதற்கு மேல் மறுபதிவு, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதல் சலுகை என்பதெல்லாம் தனி. ஆக, "ஒரே வருடத்தில் டாக்டர்" என்று எவன் விளம்பரம் கொடுத்தாலும் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம். 2025 ஜனவரியில் ராஜஸ்தானின் 3 பல்கலைக்கழகங்கள் 5 ஆண்டுக்கு பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று யூஜிசி தடை போட்டதே, அது பிஎச்.டி. விதிமுறைகளைப் பின்பற்றாததால்தான்.

அப்புறம், கல்லூரி ஆய்வு மையமாக இருக்கலாம்; பட்டம் தருவது பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் சட்டக் கல்லூரி என்றால் பெரும்பாலும் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். கல்லூரிக்கு ஆய்வு மைய அங்கீகாரம் இருக்கிறதா என்று அங்கே கேளுங்கள், கல்லூரி வாசலில் கேட்காதீர்கள். எல்எல்.எம்.மில் 55 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. 2024 ஜூன் முதல் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்காதவருக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். எழுதிவிட்டு ஆறப்போடாதீர்கள்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. "இந்தியாவில் பெண்கள் உரிமை" என்று கொண்டுவருகிறார்கள். அது ஆய்வுத் தலைப்பா, மாநாட்டுப் பந்தலா? ஒரு சட்டம், ஒரு பிரிவு, அது நடைமுறையில் எங்கே இடிக்கிறது என்று சுருக்குங்கள். வழக்காடுபவருக்கு இது எங்களைவிட நன்றாகத் தெரியும். தினமும் பார்ப்பவர் நீங்கள்தானே.

தீர்ப்புகளைப் பக்கம் பக்கமாக ஒட்டுவது எங்கள் துறைக்கே உரிய வியாதி. மனுவில் அது செல்லும், ஆய்வேட்டில் செல்லாது. யூஜிசியின் 2018ஆம் ஆண்டு கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முடிந்த ஆய்வேடு சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். காசு கொடுத்து எழுதி வாங்கியவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

தயவுசெய்து, பணம் கட்டும் முன் நெறியாளரை நேரில் பாருங்கள். பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு மேல் எடுக்க முடியாது. ஓய்வு பெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. "மேடம், இடம் இருக்கா, எப்போ ரிட்டயர் ஆகுறீங்க?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாங்கள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.