மேனிஃபெஸ்ட்: கையும் கழிவுமாக ஒரு சீட்டு

ஆலையின் அபாயகரமான கழிவை லாரியில் அனுப்பும்போது உடன் செல்லும் சீட்டுக்கு 'மேனிஃபெஸ்ட்' என்று பெயர். இலத்தீனில் 'மானுஸ்' என்றால் கை. அதிலிருந்து பிறந்ததாகக் கொள்ளப்படும் 'மானிஃபெஸ்தூஸ்' என்ற சொல்லுக்குக் கையோடு பிடிபட்டது, கண்கூடானது என்று பொருள். களவு நடக்கும்போதே அகப்பட்ட திருடனை ரோமானியச் சட்டம் இந்தச் சொல்லால் பிரித்துக் காட்டியது. அவனுக்குக் களவுப் பொருளின் மதிப்பைப்போல நான்கு மடங்கு தண்டம், மற்றவனுக்கு இரண்டு மடங்கு. நாம் 'கையும் களவுமாக' என்பதும் இதைத்தானே. பிற்பாடு அதுவே 'மேனிஃபெஸ்ட்' என்று கப்பல் சரக்குப் பட்டியலுக்குப் பெயரானது. தேர்தல் 'மேனிஃபெஸ்டோ' இதன் உடன்பிறப்பு. 1976-இல் அமெரிக்கா இயற்றிய கழிவுச் சட்டம் இந்தப் பட்டியலை அபாயகரமான கழிவுக்கும் கட்டாயமாக்கியது.

இந்தியாவில் இது அபாயகரமான கழிவுகளுக்கான 2016 விதிகளின் படிவம் 10. மொத்தம் ஏழு படிகள் (நகல்கள்), ஏழு நிறங்கள். வெள்ளை, அனுப்புபவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டியது. லாரிக்காரரின் கையெழுத்து வாங்கிய மஞ்சள் அனுப்புபவரிடமே தங்கும். மீதி ஐந்தும் வண்டியோடு போகும். இளஞ்சிவப்பு பெறுபவருக்கு, ஆரஞ்சு லாரிக்காரருக்கு, பச்சை வாரியத்துக்கு. வேறு மாநிலக் கழிவென்றால் சாம்பல் நிறப் படி அந்த மாநில வாரியத்துக்கு. உயிர்நாடி நீலம்தான்: பெறுபவர் கையெழுத்திட்டு அனுப்புபவருக்குத் திருப்பும் படி அது. நீலம் வரவில்லையென்றால் சரக்கு ஏரிக்கரையில் கொட்டப்பட்டதா என்று உடனே விசாரிக்க வேண்டும்.

தமிழில் 'சரக்குப் பட்டியல்' என்று எழுதுவது கப்பலுக்குப் பொருந்தும், கழிவுக்குப் போதாது. இங்கே பட்டியலைவிடக் கை மாறிய சாட்சிதான் முக்கியம். 'கைமாற்றுச் சீட்டு' என்று வைக்கலாமென்றால், கைமாற்று கடனாகிவிடும். திருப்பித் தர வேண்டும்! ஆகவே 'கழிவு ஒப்படைப்புச் சீட்டு' என்பதே பொருத்தம்.

சீட்டில் பிழை வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது அளவு. '10 டிரம்' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் விளங்காது. 200 லிட்டர் டிரம்மில் வெப்பத்தில் விரிய இடம் விட்டு 180 லிட்டர் நிரப்பினால், செறிந்த கந்தக அமிலம் ஏறக்குறைய 330 கிலோ இருக்கும். பழைய எஞ்சின் ஆயில் ஏறக்குறைய 160 கிலோதான். எடைமேடையில் நிறுத்து, எடையையும் டிரம் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இரண்டாவது பெயர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய ஸ்லட்ஜ் (கசடு) என்றால் விதிகளின் அட்டவணை எண் 35.3, பழைய ஆயில் என்றால் 5.1. சோம்பலில் 'கலப்புக் கழிவு' என்று எழுதினால், முலாம் பூசும் தொட்டியின் சயனைடு கழிவும் அமில டிரம்மும் ஒரே வண்டியில் ஏறிவிடும். கசிந்து இரண்டும் கலந்தால் எழும் ஹைட்ரஜன் சயனைடு வாயு, இறக்க வருபவரைச் சில நிமிடங்களில் கொல்லும்.