'கொல்லம்' அடிக்க வராத கீபோர்டு

செங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்தும் வேலை வரும். தமிழ், மலையாளம் இரண்டும் டைப் அடித்துப் பிழைப்பவர்கள் இங்கே உண்டு.

அப்படி ஒரு தம்பி புது மெக்கானிக்கல் கீபோர்டோடு (ஒவ்வொரு கீக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உள்ள வகை) வந்தார். "அண்ணே, மலையாளத்துல கொல்லம்னு அடிக்க முடியல. கீ போயிருச்சு போல."

கீ போகவில்லை, அந்தக் கீயே அதில் இல்லை. 61 கீ உள்ள குட்டி கீபோர்டு அது. இன்ஸ்கிரிப்ட் என்ற தட்டச்சு முறையில் மலையாள ஒகரக் குறி, எண் 1-க்கு இடதுபக்கக் கீயில் இருக்கும். குட்டி கீபோர்டுகளில் அந்த இடத்தை எஸ்கேப் பிடித்துக்கொள்கிறது. எஃப்என் (Fn) கீயைச் சேர்த்து அழுத்தினால் கிடைக்கும்தான். ஆனால் நாளெல்லாம் 'கொல்லம்' அடிப்பவரால் எத்தனை தடவை அப்படி அழுத்த முடியும்? அம்புக்குறிக் கீகளும் தனியாகக் கிடையாது. எழுத்து வேலைக்கு 87 கீ உள்ளதை வாங்குங்கள். கணக்கு வேலையும் சேர்ந்தால், வலதுபக்கம் எண் கீகள் உள்ள 104.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று அட்டையில் போட்டு, கலர் கலராக லைட் எரியவிட்டு விற்கிறார்கள். உள்ளே இருப்பது பழைய ரப்பர் மெம்பரேன்தான், அதாவது எல்லாக் கீகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. கண்டுபிடிப்பது சுலபம். நோட்பேடைத் திறந்து ஒரு கீயை மெதுவாக, மிக மெதுவாக அழுத்துங்கள். மெக்கானிக்கலில் பெரும்பாலும் கீ 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி வழியிலேயே, சுமார் 2 மில்லிமீட்டரில், எழுத்து விழுந்துவிடும். மெம்பரேனில் ரப்பர் நசுங்கி அடிவரை போனால்தான் விழும். அடிவரை குத்த வேண்டாம் என்பதற்காகத்தானே கூடுதல் காசு கொடுக்கிறோம்?

ஸ்விட்ச் நிறத்தில் பெரிய குழப்பம் வேண்டாம். சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், பழுப்பில் நடுவே சின்னத் தட்டு தெரியும், நீலம் 'டிக் டிக்' என்று சத்தம் போடும். இந்த ஸ்விட்சுகளுக்குப் பேர்போன ஜெர்மனியின் செர்ரி நிறுவனக் கணக்கில் சிவப்புக்கு ஏறத்தாழ 45 கிராம் அழுத்தம், நீலத்துக்கு 60. நாலு பேர் உட்காரும் அறைக்கு நீலம் வாங்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் பாவம். நான் பழுப்பைத்தான் சொல்வேன்.

செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு ஒடெமு, கேட்டரான், கெய்ல் போன்ற சீன ஸ்விட்சுகள் வந்தன. விலை நம் கைக்கு எட்டியது அதனால்தான். அவற்றை மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

ஆனால் தூசியோ ஈரமோ உள்ளே போனால் எந்த ஸ்விட்சும் தகராறு செய்யும். ஒரு தடவை 'க' அடித்தால் இரண்டு 'க' விழும். நம்மூர்ச் சாரல் மாதங்களில் இந்தப் புகாரோடு வருபவர்கள் அதிகம். ஸ்விட்ச் சால்டர் செய்யப்பட்டிருந்தால் பலகையைப் பிரித்து, பழையதைச் சுட்டு எடுத்து, புதியதை வைக்க எனக்கு அரை நாள் போகும், உங்களுக்குக் கூலி போகும். ஹாட் ஸ்வாப் வகை (சால்டர் இல்லாமல் ஸ்விட்சைத் துளையில் செருகுவது) என்றால் கூடவே வரும் இடுக்கியால் நீங்களே பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். லைட்டுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சில மலிவு கீபோர்டுகளின் துளையில் மெல்லிய கால் உள்ள ஒடெமு ஸ்விட்ச் மட்டுமே போகும். வேறு ஸ்விட்சைத் திணித்துத் துளை பிளந்த நிலையில் இரண்டு கீபோர்டுகள் இப்போதும் என் மேசையில் கிடக்கின்றன.