அப்ளிகாரே: இணைத்தலா, சார்த்துதலா?

அப்ளிகாரே ஒரு லத்தீன் வினைச்சொல். 'அத்' என்றால் நோக்கி, 'ப்ளிகாரே' என்றால் மடித்தல். ஒன்றை இன்னொன்றின்மேல் படிய வைப்பது அடிப்பொருள். கப்பலைக் கரை சேர்ப்பதற்கும் ரோமர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். ஆங்கிலம் வழியாக நம் கைபேசிக்கு வந்த 'ஆப்'கூட இதே வேரில் கிளைத்ததுதான்.

இவ்வளவு சாதுவான சொல்லுக்குப் பொருள் என்ன என்று போலந்து, லித்துவேனிய வரலாற்றாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடியிருக்கிறார்கள். 1385 ஆகஸ்ட் 14 அன்று, இன்றைய பெலாரூசில் இருக்கும் கிரேவா கோட்டையில் எழுதப்பட்ட ஓர் ஆவணம்தான் காரணம். லித்துவேனியாவின் பெருங்கோமகன் (கிராண்ட் டியூக், அதாவது அந்நாட்டின் ஆட்சியாளர்) யோகைலா, 12 வயதுகூட நிரம்பாத போலந்து அரசி யாத்விகாவை மணப்பதற்காகச் சில வாக்குறுதிகளை எழுதிக் கொடுத்தார். கிறித்தவராவேன், சிறைப்பட்ட போலந்துக்காரர்களை விடுவிப்பேன், யாத்விகாவுக்கு முன்பே நிச்சயிக்கப்பட்டிருந்த ஆஸ்திரிய இளவரசர் வில்ஹெல்முக்கு 2,00,000 புளோரின் பொற்காசு ஈடு கொடுப்பேன் என்றார். அப்புறம், தன் லித்துவேனிய, ருத்தேனிய (இன்றைய பெலாரூஸ், உக்ரைன் பகுதி) நிலங்களைப் போலந்து மணிமுடியோடு என்றென்றைக்குமாக 'அப்ளிகாரே' செய்வேன் என்றார்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'இணைத்தல்' என்றுதான் முதலில் கை போகும். ஆனால் ஒரு நாட்டை இன்னொன்றோடு இணைத்தார்கள் என்று படித்தால், சேர்ந்த நாடு அத்தோடு இல்லாமல் போனது என்றே நாம் எடுத்துக்கொள்வோம். போலந்துத் தரப்பின் வாசிப்பும் பெரும்பாலும் அதுதான். சரி, 'ஐக்கியம்' என்று போடலாமா? சரிநிகரான இருவர் கைகோத்தது போல அது ஒலிக்கிறது. கிரேவாவில் அப்படியும் நடக்கவில்லை.

நடந்தது வேறு. 1386இல் யோகைலா கிராக்கோவில் ஞானஸ்நானம் பெற்றார், மணம் முடித்தார், முடிசூடினார். லித்துவேனியா மறைந்துவிடவில்லை. 1392 முதல் அதை ஆண்டவர் யோகைலாவின் சித்தப்பா மகன் வீட்டாவ்டஸ். 1413இல் போலந்தின் ஹொரோத்வோ என்ற ஊரில் இரு தரப்பும் மறுபடி எழுதிக்கொண்டபோது, ஒரு வினைச்சொல் போதாது என்று நினைத்தார்களோ என்னவோ, ஏழு வினைகளை அடுக்கினார்கள்: சேர்க்கிறோம், உரிமையாக்குகிறோம், ஒட்டுகிறோம், பிணைக்கிறோம் என்ற ரீதியில் போகிறது. அவற்றில் ஒன்று 'இன்விஸ்கெராமுஸ்', அதாவது குடலுக்குள் எடுத்துக்கொள்கிறோம். அதே ஆவணத்தில்தான் வீட்டாவ்டஸுக்குப் பிறகும் லித்துவேனியாவுக்குத் தனிப் பெருங்கோமகன் உண்டு என்ற உறுதியும் இருக்கிறது! கூடவே 47 போலந்து உயர்குடிக் குலங்கள் தங்கள் சின்னங்களை லித்துவேனியக் குடும்பங்களுக்குக் கொடுத்தன. இரு நாட்டு உயர்குடியினரையும் நெருங்க வைத்ததில் அந்த ஏழு வினைகளைவிட இந்தச் சின்னங்களுக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

கிரேவாவின் சொல்லுக்கு நான் பரிந்துரைப்பது 'சார்த்துதல்'. ஏணியைச் சுவரில் சார்த்துகிறோம். ஏணி ஏணியாகவே இருக்கிறது, ஆனால் தாங்குவது சுவர். 'சார்ந்தவர்' என்றால் நெருங்கியவர் என்றும் பொருள், அண்டி வாழ்பவர் என்றும் பொருள். லத்தீன் சொல்லில் இருக்கும் அந்தத் தெளிவின்மை தமிழிலும் அப்படியே நிற்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் தானாக ஒரு தரப்புக்குத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

போலந்தையும் லித்துவேனியாவையும் ஒரே அரசாக்கிய 1569 ஜூலை 1 லூப்ளின் ஒப்பந்தத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. அங்கே வந்தது 'ஜெச்போஸ்போலிட்டா'. 'ஜெச்' என்றால் பொருள், காரியம். 'போஸ்போலிட்டா' என்றால் பொதுவானது. லத்தீன் 'ரெஸ் புப்ளிகா'வின் நேர் வார்ப்பு. தமிழில் இதைக் 'குடியரசு' என்றால் அரசர் இருந்தது இடிக்கும். 'பொதுநலவாயம்' புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அது பிரிட்டிஷ் காமன்வெல்த்தை நினைவுபடுத்துகிறது. 'பொதுவரசு' எளிது, மூலத்துக்கும் நெருக்கம். உயர்குடியினர் தேர்ந்தெடுக்கும் ஒரே அரசர், 'செய்ம்' என்ற ஒரே நாடாளுமன்றம் என்று ஆனது. கருவூலமும் படையும் சட்டமும் மட்டும் தனித்தனியே தொடர்ந்தன. 1588இல் வந்த லித்துவேனியாவின் மூன்றாம் சட்டத்தொகுப்பு அந்நாட்டை அப்போதும் பெருங்கோமகனாட்சி என்றே அழைத்தது.