பத்தொன்பதில் வழக்கு, இருபத்திரண்டில் தீர்ப்பு

குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று அறிவித்ததும், தண்டனை குறித்து ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று நடுவர் கேட்பார். கூண்டில் நிற்கும் இருபது வயதுப் பையன்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "குறைந்த தண்டனையாகக் கொடுங்கள் ஐயா." சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருப்பது அதைவிடப் பெரியது. அதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் பிரிவு 6 என்று ஒன்று இருக்கிறது. 21 வயது நிரம்பாத ஒருவர் சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தைச் செய்ததாக முடிவானாலும், அது ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாதவரை, எடுத்த எடுப்பில் சிறைக்கு அனுப்பக் கூடாது. எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணை, அதாவது ஒழுங்காக நடந்துகொள்வேன் என்ற உறுதிப் பத்திரம், எழுதி வாங்கிக்கொண்டோ விடலாமா என்று நீதிமன்றம் முதலில் பார்க்க வேண்டும். அதற்காக, அவருடைய குணம், நிலைமை பற்றி நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்டுப் பெற வேண்டும். சிறைதான் என்று தீர்மானித்தால், காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும். 21-ஐத் தாண்டியவர்களையும் நன்னடத்தைப் பிணையில் விடப் பிரிவு 4 உண்டு. ஆனால் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. பிரிவு 6 கட்டளை.

இவ்வளவு நல்ல சட்டம் இளைஞர்கள் கைக்கு எட்டாமல் போவதற்கு ஒரு காரணம், 21 வயது என்பதை எந்த நாளில் கணக்கிடுவது என்பதுதான். குற்றம் நடந்த நாளில் அல்ல, விசாரணை நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானிக்கும் நாளில் என்று ராம்ஜி மிஸ்ஸார் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றும் அதுவே நடைமுறை. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சிறார் நீதிச் சட்டத்திலோ சம்பவ நாளின் வயதுதான் கணக்கு.

இலவசச் சட்ட உதவியில் என்னிடம் வந்த ஒரு பையனின் வழக்கைச் சொல்கிறேன். கைப்பேசித் திருட்டு. சம்பவத்தன்று அவனுக்கு 19 வயது. குற்றப்பத்திரிகை தாமதமாக வந்தது. சாட்சிகள் வரவில்லை. நடுவர் மாற்றலாகிப் போனார். புதியவர் வரும்வரை வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லேத் பட்டறையில் விடுப்புச் சொல்லிவிட்டு, கையில் கிரீஸ் கறை போகாமலேயே வந்து நிற்பான். தீர்ப்பு வந்தபோது அவனுக்கு 22. பிரிவு 6 போயிற்று. பிரிவு 4-ஐக் காட்டி வாதிட்டோம். ஏற்கப்படவில்லை, ஆறு மாதச் சிறை. மேல்முறையீட்டில் நன்னடத்தைப் பிணை கிடைத்தது. ஆனால் மேல்முறையீடு வரை போக எத்தனை குடும்பங்களுக்குத் தெம்பு இருக்கிறது? தாமதத்தில் அவன் பங்கு எதுவும் இல்லை. தாமதத்தின் விலையை மட்டும் அவன் கொடுத்தான். இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இதை மாற்ற முடியும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், இளம் வயதில் நீண்ட தண்டனை பெற்றவர்களுக்கு, தண்டனை முடியும் முன்பே விடுவிக்கலாமா என்று பார்க்கும் தனிப் பரோல் விசாரணை வேண்டும் என்று இயக்கம் நடந்தது. சிறையிலிருந்து திரும்பிய இளைஞர்களே சட்டமன்றத்துக்குப் போய்த் தங்கள் கதையைச் சொன்னார்கள். 2013-இல் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கிடைத்த அந்த உரிமை, 2015-இல் 23 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், 2017-இல் 25 வயது வரை உள்ளவர்களுக்கும் விரிந்தது. அங்கே கணக்கில் எடுப்பது குற்றம் நடந்தபோது இருந்த வயதை. ஜெர்மனியில் 1953 முதலே, 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களை, அவர்களின் மனமுதிர்ச்சியைப் பார்த்து, இளையோர் சட்டத்தின்கீழ் நடத்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

நம் ஊரில் இதைக் கையிலெடுக்கப் பொருத்தமானவர்கள் சட்டக் கல்லூரி மாணவர்கள். சட்ட உதவி மையங்கள் அவர்கள் கல்லூரிகளிலேயே இயங்குகின்றன. சட்டம் சார்ந்த தன்னார்வலர்களாகப் பலர் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வருகிறார்கள். 21 நெருங்கும் விசாரணைக் கைதிகள், பிணையில் இருப்பவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்து, வழக்கை விரைந்து முடிக்கும்படி மனுப் போட வக்கீல்களைத் தூண்டலாம். சிறையிலிருந்து வந்த இளைஞர்களையும் கூட்டத்துக்கு அழைத்துப் பேசவிட வேண்டும். வாய்தாவுக்காக வேலை இழந்தவன் பேசினால் சட்டமன்ற உறுப்பினர் காதுகொடுத்துக் கேட்பார். நாங்கள் பேசினால் அது இன்னொரு வக்கீலின் வாதம். கோரிக்கை ஒன்றே ஒன்று: பிரிவு 6-க்குச் சம்பவ நாளின் வயதே கணக்கு என்று திருத்துங்கள். குற்றவியல் சட்டம், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலச் சட்டமன்றமும் திருத்தலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 33, 18 வயதைத் தாண்டியவர்களுக்கு, பயன்படுத்திய குற்றம் போன்ற ஓரிரண்டைத் தவிர, நன்னடத்தைச் சட்டத்தின் கதவை மூடிவிடுகிறது. யாருக்காகவோ கஞ்சாப் பொட்டலத்தைச் சுமந்துபோன 19 வயதுப் பையனுக்குப் பிரிவு 6 இல்லை. கஞ்சா வழக்குகளில் சிக்கும் இளைஞர்களைப் பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று தெரியும்.

திருத்தம் வரும்வரை, வழக்கில் சிக்கிய பிள்ளைகளின் பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு. கைதுக் குறிப்பில் வயதைக் குத்துமதிப்பாக எழுதிவிடுகிறார்கள். முதல் நாளே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் நகலை வக்கீலிடம் கொடுங்கள். 'ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும்' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். நன்னடத்தைப் பிணை கேட்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். அப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனைத் தீர்ப்பால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 12. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். தீர்ப்பு நாளுக்கு முன்பே நன்னடத்தை அலுவலரின் அறிக்கை கேட்டு மனுப் போட்டிருக்கிறதா என்று வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.