வேர்டா, லேடெக்கா, இன்டிசைனா? முதல் பக்கம் அடிக்கும் முன் யோசிக்க வேண்டியவை

“அண்ணா, இரண்டாம் இயலையும் மூன்றாம் இயலையும் இடம் மாத்தணும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்லா?”

கேட்டவர் மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஆய்வு மாணவி. பென்டிரைவில் 280 பக்கத் தமிழ் ஆய்வேடு. ஒப்படைக்க நான்கே நாள். கோப்பைத் திறந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ‘அட்டவணை 2.7 காண்க’ என்று வரும் இடமெல்லாம் கையால் அடித்த எண். பொருளடக்கத்தில் பக்க எண் வரைக்கும் புள்ளி புள்ளியாகக் கையால் அடித்திருந்தார். அடுத்த பக்கத்துக்குப் போக என்டர் தட்டித் தட்டியே இறக்கியிருந்தார். இயல் இடம் மாறினால் இத்தனையும் மாறும். “மூணு நாளாவது ஆகும் மக்ளே” என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து முடித்துக் கொடுத்தோம். ஆனால் அவர் நிதானமாகப் படித்துத் திருத்த வேண்டிய நாட்களெல்லாம் எண்களைச் சரிபார்ப்பதில் போய்விட்டன. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நாகர்கோவிலில் 22 ஆண்டுகளாகப் பக்கம் அமைக்கும் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கல்லூரி மலர், ஆய்வேடு, ஊர் வரலாறு எல்லாம் வரும். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எந்த சாப்ட்வேர் நல்லது?” என்பதுதான். நான் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். கடைசித் திருத்தத்தை யார் போடுவார்? பத்து வருஷம் கழித்து இந்தக் கோப்பை யார் திறப்பார்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் மென்பொருள் எது என்பது பாதி முடிவாகிவிடும்.

அந்த மாணவியின் சிக்கலுக்கு வேர்டைக் குறை சொல்ல முடியாது. தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்து, அட்டவணைகளுக்கு கேப்ஷன் போட்டு, ‘காண்க’ என்னும் இடங்களில் கிராஸ் ரெஃபரன்ஸ் செருகியிருந்தால், இயலை மாற்றிய பின் முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினால் போதும். எண்கள் தாமாக மாறிவிடும். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நம்மில் பலர் கணினியையும் தட்டச்சுப் பொறி மாதிரியே பழகிவிட்டோம்.

மென்பொருளைவிடப் பெரிய தவறு எழுத்துருவில் நடக்கிறது. இன்றும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகள் வாரத்துக்கு இரண்டாவது வருகின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துருவைப் போர்த்தியிருக்கும் வரைதான் அது தமிழாகத் தெரியும். போர்வையை எடுத்தால் உள்ளே தமிழே கிடையாது. ஆய்வேடுகள் இப்போது ஷோத்கங்கா என்ற இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில் ஏறுகின்றன. அங்கே உங்கள் ஆய்வேட்டுக்குள் ஒரு சொல்லைத் தமிழில் அடித்துத் தேடினால் அகப்படாது. ஐந்து வருஷ உழைப்பு, இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். அதனால் எந்த மென்பொருளை எடுத்தாலும் சரி, ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் தமிழாகவே கணினியில் பதியும் யூனிகோடில் மட்டும் அடியுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதில் நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்று. சுனாமிக்கு முந்தைய வருஷம், 2003இல், ஊர் வரலாற்றைப் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்து நூலாக்கியிருந்தார்கள். மறுபதிப்பில் சுனாமியில் இறந்த ஊர்க்காரர்களின் பெயர்களையும் சேர்க்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சிடியோடு வந்தார். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, அதோடு நின்றுபோயிற்று. அது யூனிகோடை அறியாத மென்பொருள். பழைய கணினி ஒன்றில் கோப்பைத் திறந்தோம். திரை முழுக்கக் கட்டங்களும் கிறுக்கலும். அதில் போட்டிருந்த எழுத்துரு, பூட்டுக் கருவி ஒன்றைக் கணினியில் செருகினால்தான் வேலை செய்யும் ரகம். செய்து கொடுத்த கடையும் இல்லை, பூட்டும் இல்லை. கடைசியில் அச்சான நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து அடித்தோம்.

சரி, மென்பொருளுக்கு வருவோம்.

தமிழ், வரலாறு, சமூகவியல் ஆய்வு என்றால், நெறியாளர் வேர்டில்தான் திருத்தம் போட்டு அனுப்புவார். கடைசிக் கை அவருடையது. லேடெக்கில் கட்டளைகளை எழுதித்தான் பக்கம் அமைக்க வேண்டும். அங்கே அதைக் கொண்டுபோய் வைத்தால் இருவருக்கும் கஷ்டம். வேர்டிலோ லிப்ரெ ஆபிஸிலோ ஸ்டைல்களை ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும்.

கணக்கு, இயற்பியல், கணினி அறிவியல் என்றால் லேடெக் கற்றுக்கொள்ளுங்கள். சமன்பாடுகள் இருக்கும் ஆய்வேட்டை வேர்டில் செய்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். லேடெக்குக்கு அடியில் ஓடுவது டெக். தன் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படி கண்ணுக்குப் பிடிக்காமல் போனதால், டொனால்டு கனூத் என்ற கணினி அறிஞர் 1977இல் தொடங்கி உருவாக்கியது. அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியது லேடெக். நமக்கு இது தூரத்துச் சங்கதியும் இல்லை. ரயில் ஏறினால் போய்விடக்கூடிய திருவனந்தபுரத்தில் 2002இலும் 2011இலும் உலக டெக் பயனர் மாநாடு நடந்திருக்கிறது. உலக அறிவியல் இதழ்களுக்கு டெக்கில் பக்கம் அமைக்கும் நிறுவனங்களும் அங்கே இருக்கின்றன.

லேடெக்கில் தமிழ் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லேடெக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும் நிரல்கள் பல உண்டு. இணையத்தில் கிடைக்கும் வார்ப்புருக்களில் பெரும்பாலானவை அவற்றில் பிடிஎஃப்லேடெக்குக்கு எழுதியவை. யூனிகோடு தமிழுக்கு அது உதவாது. ஸீலேடெக்குக்கோ லுவாலேடெக்குக்கோ மாறுங்கள். லுவாலேடெக் என்றால் எழுத்துருவுக்கு, எழுத்துகளைச் சரியாகச் சேர்த்து வடிவமாக்கும் ஹார்ஃப்பஸ் ரெண்டரரைக் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ‘கொ’வின் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும்.

டெக் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. தமிழில் ‘கேட்டுக்கொண்டதற்கிணங்க’ போன்ற நீளச் சொற்கள் வரிக்கு ஒன்றாவது வரும். இரு ஓரமும் சமமாக வர வேண்டும் என்று வேர்டில் வைத்தால், நீளச் சொல் அடுத்த வரிக்குத் தாவி, மேல் வரியில் பல் விழுந்த மாதிரி இடைவெளி விழும். வேர்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்து நிரப்புகிறது. டெக் பத்தி முழுவதையும் பார்த்துவிட்டு எங்கே வரியை முறிக்கலாம் என்று தீர்மானிக்கிறது. கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட முறை அது. தமிழ்ச் சொல்லை அசை பார்த்து முறிப்பதற்கான விதிகளும் டெக் தொகுப்பிலேயே உண்டு. பழைய தமிழ் நூல்களில் சொல் முறியும் இடத்தில் சிறுகோடு போடாமலே அடுத்த வரிக்குப் போவார்கள். அந்தச் சிறுகோட்டையும் எடுத்துவிடலாம். அப்படி அமைத்த ஒரு பக்கத்தை வேர்டுப் பக்கத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணே சொல்லும்.

மலர், திருவிழாச் சிறப்பிதழ் போல படமும் விளம்பரமும் கலந்த வேலைக்கு இன்டிசைன்தான் கைக்கு அடங்கும். மாதச் சந்தா கட்ட வேண்டும். தமிழுக்கு அதில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மறந்ததால் கொம்பெல்லாம் பிரிந்து ஆயிரம் படி அச்சான மலரை ஒருவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

டைப்ஸ்ட் என்று லேடெக் மாதிரியான மென்பொருள் ஒன்று 2023இல் பொதுவெளிக்கு வந்திருக்கிறது. லேடெக்கைவிடக் கற்பது எளிது, வேகமும் அதிகம், தமிழும் ஒழுங்காக வருகிறது. கடையின் விலைப்பட்டியல், சான்றிதழ் வேலைகளை நான் அதற்கு மாற்றிவிட்டேன். ஆனால் பெரும்பாலான அறிவியல் இதழ்கள் கேட்பது இன்னும் லேடெக்கோ வேர்டோதான். ஆய்வேட்டிலிருந்து கட்டுரை பிரித்து அனுப்பும் எண்ணம் இருந்தால் இப்போதைக்குப் பொறுத்திருங்கள்.

எதை எடுப்பதானாலும், 300 பக்கம் அடிப்பதற்கு முன் ஒரே ஒரு பக்கம் சோதித்துப் பாருங்கள். ‘கொடை, மௌனம், ஸ்ரீ, க்ஷணம்’ என்று நான்கு சொல், ஓர் அட்டவணை, ஓர் அடிக்குறிப்பு, அவற்றைச் சுட்டும் ஒரு வரி. பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். நோட்பேடில் தமிழ் தமிழாக விழுகிறதா என்று பாருங்கள். பிடிஎஃப்பில் தமிழ் எழுத்துகள் வரிசை மாறிப்போவது அடிக்கடி நடக்கும். அதனால் பிடிஎஃப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்பைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். காசு கொடுத்து வாங்கும் வேலையில் மூலக் கோப்பும் சேர்ந்ததுதான், கேட்டு வாங்குங்கள்.

குளச்சல் பக்கத்து நூல் போன வருஷம் முடிந்தது. பெரியவரிடம் பென்டிரைவில் மூன்று கோப்புகள் கொடுத்தேன்: அச்சுக்கான பிடிஎஃப், மூலக் கோப்பு, எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு. அவர் எழுத்துக் கோப்பைத் திறக்கச் சொன்னார். தேடும் பெட்டியில் தன் தங்கையின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். பட்டியலில் அந்த வரி மஞ்சளாக ஒளிர்ந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி தம்பி, அச்சுக்கு அனுப்பு” என்றார்.