தேயாமல் கெடும் பிரேக்

தூத்துக்குடியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மின்சாரக் கார் வாங்கலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் நடந்த தகுதிச் சோதனையில் டெஸ்லா கடைசி இடம் என்று செய்தியில் படித்தேன். எஞ்சினே இல்லாத வண்டியில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?”

நல்ல கேள்வி. பேட்டரியையும் மோட்டாரையும் சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் விடையின் சுவையான பகுதி, சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு வார்ப்பிரும்பு வட்டில் இருக்கிறது.

முதலில் அந்தச் சோதனையைப் பற்றி. ஜெர்மனியில் புதிய கார் 3 ஆண்டு முடிந்ததும் முதல் சோதனைக்குப் போக வேண்டும். பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை. தேறிய வண்டியின் பின்பக்க எண் பலகையில் வட்டமான வண்ண வில்லை ஒட்டப்படும். தேறாத வண்டி ஒரு மாதத்துக்குள் பழுது நீக்கி மீண்டும் வர வேண்டும். இந்தச் சோதனைகளில் கணிசமான பங்கைச் செய்பவை டூஃப் எனப்படும் தொழில்நுட்பக் கண்காணிப்புச் சங்கங்கள். இவற்றின் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்த கதை. 1865-ல் மன்ஹைம் நகரின் பீர் ஆலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டே அந்த வட்டாரத்துக் கொதிகலன் உரிமையாளர்கள் ஒன்றுகூடி, தங்கள் கொதிகலன்களை ஒழுங்காகச் சோதிப்பதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். கொதிகலனில் தொடங்கிய அந்தப் பழக்கம்தான் இன்று காரின் அடிவயிற்றை விளக்குப் பிடித்துப் பார்க்கிறது.

ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு கோடி சோதனைகளின் முடிவுகளைத் திரட்டி, எந்த மாடல் எந்த வயதில் எவ்வளவு தோற்கிறது என்று டூஃப் அறிக்கை வெளியிடுகிறது. 2023 நவம்பரில் வந்த அறிக்கையில், 2 முதல் 3 வயதுக் கார்களில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஸ்போர்ட்ஸ்வேன் முதலிடம் பெற்றது: 100 வண்டிகளில் 2 மட்டுமே பெரிய குறையோடு வந்தன. டெஸ்லா மாடல் 3 கடைசி இடம்: 14.7 விழுக்காடு. அடுத்த ஆண்டு ஹோண்டா ஜாஸ் 2.4 விழுக்காட்டோடு முதலில் வந்தது. டெஸ்லா மாடல் 3 மீண்டும் கடைசி, 14.2 விழுக்காடு. சோதகர்கள் குறித்துவைத்த குறைகள் சஸ்பென்ஷன் (சக்கரங்களை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு), முகப்பு விளக்கு, பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் அந்த வார்ப்பிரும்பு வட்டு).

சஸ்பென்ஷன் புரிகிறது. பேட்டரியைச் சுமக்கும் வண்டி கனமானது; மூட்டுகளும் அவற்றின் ரப்பர் புஷ்களும் சீக்கிரம் தளர்கின்றன. விளக்கு பெரும்பாலும் ஒளி விழும் கோணம் பிசகிய சங்கதி. ஆனால் பிரேக் டிஸ்க்? மின்சாரக் காரில் பிரேக் அதிகம் தேய்வதில்லை என்பதுதானே அதன் பெருமை!

அந்தப் பெருமைதான் அதன் நோய். அதை நிதானமாகப் பார்ப்போம்.

1,800 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 7 லட்சம் ஜூல். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். பெட்ரோல் காரை நிறுத்தும்போது இந்த ஆற்றலின் பெரும்பகுதியை பிரேக் விழுங்கியாக வேண்டும். காலிப்பர் என்னும் இரும்புக் கவ்வி, பேடு எனப்படும் இரண்டு உராய்வுக் கட்டைகளைச் சுழலும் டிஸ்க்கின் இருபுறமும் அழுத்துகிறது. உராய்வில் ஆற்றல் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. நெடுஞ்சாலை வேகத்திலிருந்து ஒருமுறை வண்டியை நிறுத்தினால் இரண்டு லிட்டர் வெந்நீர் வீண்.

மின்சாரக் கார் அந்த வெந்நீரைக் கொட்டுவதில்லை. ஃபாரடேயின் விதி பள்ளியில் படித்ததுதான்: காந்தப்புலத்தில் கம்பிச் சுருள் சுழன்றால் மின்சாரம் பிறக்கும். மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே கருவியின் இரண்டு முகங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. பிறக்கும் மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்க்கும் என்பது லென்ஸ் விதி. அந்த எதிர்ப்புதான் வண்டியின் வேகத்தைக் குறைக்கிறது. சென்னை மெட்ரோ ரயில் நிலையத்துக்குள் நுழையும்போது நடப்பதும் இதுவே. டெஸ்லாவில் இந்த ஏற்பாடு வலுவானது. நகரத்தில் ஓட்டிப் பழகியவர்கள் ஒரே மிதியைக் கொண்டு முழுப் பயணத்தையும் முடித்துவிடுவார்கள். பிரேக் மிதி அவசரத்துக்கு மட்டும்.

ஆக, பல நாட்கள் அந்த வட்டை எதுவும் தொடுவதில்லை.

டிஸ்க் செய்யப்படுவது சாம்பல் நிற வார்ப்பிரும்பால். நம் வீட்டு தோசைக்கல்லின் இனம். அதனுள் கிராஃபைட் செதில்கள் பரவிக் கிடக்கின்றன. அவை வெப்பத்தை வேகமாகக் கடத்துகின்றன, அதிர்வை விழுங்குகின்றன, விலையும் குறைவு. பிரேக்குக்கு இதைவிடப் பொருத்தமான மலிவான உலோகம் கிடைப்பது அரிது. ஒரே குறை, துருப்பிடிக்கும். தோசைக்கல்லை எண்ணெய் காக்கிறது. பிரேக் டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் வண்டி நிற்காது, ஆகவே அது வெற்று இரும்பாகவே மழையில் நனைந்தாக வேண்டும்.

மழை பெய்த இரவுக்குப் பிறகு நிறுத்தி வைத்த எந்தக் காரின் சக்கரத்துக்குள்ளும் பாருங்கள். வட்டின் முகத்தில் செம்பழுப்புப் படலம் தெரியும். பெட்ரோல் கார் தெருமுனையை அடைவதற்குள் நான்கைந்து முறை பிரேக் போட்டிருப்பார்கள். பேடுகள் அந்தப் படலத்தைச் சுரண்டி எறிந்து, வட்டைப் பளபளவென்று ஆக்கிவிடும். உழவு நாட்களில் ஏரின் கொழு வெள்ளிபோல மின்னுவதும், அறுவடைக்குப் பின் கொட்டகையில் சாத்திவைத்ததும் பழுப்பேறுவதும் இதே கதைதான். பிரேக் தன்னைத் தானே துலக்கிக்கொள்ளும் கருவி. துலக்குவதற்கு அது உழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

உழைக்காவிட்டால் என்ன ஆகிறது? அலுமினியத்தின் ஆக்ஸைடு ஒரு கவசம்போல ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் துரு அப்படிப்பட்டதல்ல. அது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் உப்பி, விரிசல் விட்டு, செதிலாகப் பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட, நீரும் காற்றும் அங்கே நுழைகின்றன. ஜெர்மனியில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். ஒவ்வொரு துருப்புள்ளியும் ஒரு சின்ன மின்கலம்தான்: ஒரு முனையில் இரும்பு எலெக்ட்ரானை இழக்கிறது, மறுமுனையில் ஆக்ஸிஜன் அதைப் பெறுகிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்தக் கலம் வேகமாக ஓடுகிறது. மேலோட்டமான படலம் மெல்ல மெல்லக் குழிகளாகிறது. அப்புறம் பேடு வந்து அழுத்தினாலும் மேடுகளை மட்டுமே தொடும், குழிக்குள் எட்டாது. காலிப்பர் நகர்வதற்கான ஊசிகளும் அசைவின்றி இறுகிவிடுவது உண்டு. பின்சக்கரங்களில் இது அதிகம். பிரேக் போடும்போது எடை முன்பக்கம் சாய்வதால், பின் பிரேக்குக்கு எந்தக் காரிலும் வேலை குறைவு. மின்சாரக் காரில் அந்தக் கொஞ்ச வேலையும் போய்விடுகிறது.

இந்த நிலையில் வண்டி சோதனைக்கு வருகிறது. ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களும் தரையில் பதித்த உருளைகளின்மேல் நிற்கின்றன. மின்மோட்டார் உருளைகளை மெதுவாகச் சுழற்ற, சக்கரமும் சுழல்கிறது. சோதகர் பிரேக்கை அழுத்துகிறார். சக்கரம் நிற்க முயல, உருளை சுழற்ற முயல, அந்த இழுபறியின் எதிர்விசையை உணரி நியூட்டன் கணக்கில் சொல்லிவிடுகிறது. எல்லாச் சக்கரங்களின் விசையையும் கூட்டி வண்டியின் எடையோடு ஒப்பிட்டால் பிரேக்கின் திறன் கிடைக்கும். 2012-க்குப் பின் வந்த கார்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய விதி கேட்பது குறைந்தது 58 விழுக்காடு. அதே அச்சின் ஒரு சக்கரம் மற்றதன் விசையில் 70 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

மிதியை அசைக்காமல் பிடித்திருக்கும்போது அந்த விசையைக் காட்டும் மானியின் முள்ளைப் பார்ப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. நல்ல டிஸ்க் என்றால் முள் நிலையாக நிற்கும். ஈரம் சிறைப்பட்டு பேடின் அளவுக்கே அச்சுப் பதித்ததுபோல ஓரிடத்தில் மட்டும் துரு ஏறியிருந்தால், அந்த இடம் பேடைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் முள் ஒருமுறை தலையாட்டும். சக்கரத்தைக் கழற்றாமலே உள்ளே இருக்கும் தழும்பை எண்ணிவிடலாம்! நாடி பார்ப்பதற்கு இணையான கருவி இது.

அப்படியானால் மின்சாரக் கார் என்றாலே தோல்வியா? இல்லை. 2022-ல் வந்த டூஃப் அறிக்கையில் ஃபோக்ஸ்வாகனின் இ-கோல்ஃப், அதுவும் மின்சாரக் கார்தான், முன்வரிசையில் நின்றது. இங்கே எண்களை எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். ஜெர்மனியில் பல பணிமனைகளிலேயே சோதகர் வந்து சோதிக்கிறார். அங்கே வழக்கமான சர்வீசுக்கு விட்ட வண்டியில் துருப்பிடித்த டிஸ்க்கை மெக்கானிக் முன்பே மாற்றியிருப்பார். அது “தேறியது” என்று கணக்கில் ஏறும். டெஸ்லா ஆண்டு சர்வீசைக் கட்டாயமாக்கவில்லை. அதனால் வண்டியின் அடியை 3 ஆண்டுகளில் முதன்முதலாகப் பார்ப்பவர் சோதகராகவே இருக்கக்கூடும். 14.7 என்ற எண்ணுக்குள் வண்டியின் தரம், அதன் எடை, ஓடிய தூரம், உரிமையாளரின் பழக்கம், பணிமனையின் கவனம் எல்லாம் கலந்திருக்கின்றன. அதை வண்டியின் மதிப்பெண் என்று மட்டும் படிப்பது தவறு.

எண்கள் வெளியே வந்ததால்தான் இவ்வளவும் பேச முடிகிறது. பிரிட்டனில் மாடல்வாரியான தோல்வி விவரங்களைப் பிபிசி தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே போராடிப் பெற்றது; 2010-ல் அவை வெளிவந்தன. இந்தியாவில் சொந்தக் காருக்கு 15 ஆண்டு வரை தகுதிச் சோதனையே கிடையாது. இது தவறு என்பது என் உறுதியான எண்ணம். தானியங்கிச் சோதனை நிலையங்கள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் முடிவுகளை, உரிமையாளரின் அடையாளத்தை நீக்கிவிட்டு, மாடல்வாரியாக எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். பொதுமக்கள் கட்டணம் கட்டிச் சேரும் தரவு பொதுமக்களுக்கே உரியது.

தயாரிப்பாளர்கள் சும்மா இல்லை. ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 கார்களின் பின்சக்கரத்தில் பழைய டிரம் பிரேக்கையே மீண்டும் பொருத்தியது. மூடிய டிரம்முக்குள் மழையும் உப்பும் எளிதில் நுழையாது. யூரோ 7 என்னும் ஐரோப்பிய வாகன மாசு விதி பிரேக் தூசிக்கே வரம்பு விதிப்பதால், துருப்பிடிக்காத கடினப் பூச்சு போட்ட டிஸ்க்குகளும் பெருகும்.

தூத்துக்குடி நண்பருக்கு: பயப்படாமல் வாங்குங்கள். உப்பளக் காற்றில் உங்கள் டிஸ்க்கும் ஜெர்மன் டிஸ்க்கைப் போலத்தான் பாடுபடும். வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி இல்லாத சாலையில், பிரேக் மிதியை நன்றாக அழுத்தி நான்கைந்து முறை வேகத்தைக் குறையுங்கள். சில மாடல்களில் மிதியை அழுத்தினாலும் மோட்டார்தான் முதலில் தடுக்கும். அவற்றில் உராய்வு பிரேக்கை மட்டும் இயக்கும் வழியை விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பின்சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டின் வெளிவிளிம்பு மட்டும் பழுப்பாக இருந்தால் கவலையில்லை, அங்கே பேடு படுவதே இல்லை. பேடு உரசும் முகத்திலேயே பழுப்பு வளையங்கள் அப்படியே நின்றால், வண்டியைப் பணிமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.